கடைசிப் பத்து நிமிஷம்

ஒரு படம் நல்லதா கெட்டதா என்று சொல்ல அக்காவுக்குப் படம் வேண்டியதில்லை. ஆட்கள் எழுந்து போன பிறகு தரையைப் பார்த்தால் போதும்.

கிள்ளானில் ஒரு மால். மேல்மாடியில் சினிமா, எட்டு ஹால். அங்கேதான் அக்காவும் நானும் கூட்டுகிற வேலை பார்த்தோம். கூடப் பிறந்த அக்கா இல்லை. என்னைவிட ஆறு வயது மூத்தது, எனக்கு முன்னாலேயே அங்கே ஒன்பது வருஷம் கூட்டியது, அதனால் அக்கா. ஒரு ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்கக் கால் மணி நேரம்தான் இருக்கும். அதற்குள் எல்லா நாற்காலிக்கும் அடியில் கூட்டி, பை கட்டி, வெளியே வந்துவிட வேண்டும். அதனால் படம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போதே உள்ளே போய், வெளிக்கதவுப் பக்கம் சுவரோடு சுவராக நிற்கச் சொல்லி சூப்பர்வைசர் உத்தரவு.

இப்படி ஒரு நாளைக்கு ஏழெட்டுப் படத்துக்குக் கடைசிப் பத்து நிமிஷம் பார்த்துவிடுவோம். தலைப்பக்கம் ஒன்றுக்கும் தெரியாது. அந்தக் குடும்பம் ஏன் அந்த வீட்டுக்குக் குடிவந்தது, அந்தப் பெண் ஏன் கோபமாக இருக்கிறாள், அவன் எதற்கு அத்தனை பேரை அடிக்கிறான், எதுவும் தெரியாது. எங்கள் கண்ணுக்கு முன்னால் வீடு எரியும். பேய் போகும். ரோட்டில் ஓடுகிற காடி கவிழும். அம்மாவும் மகளும் கட்டிக்கொண்டு அழுவார்கள். விளக்கு வந்துவிடும்.

விளக்கு வந்ததும் அக்கா உடனே குனியாது. விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை வரைக்கும் ஒரு பார்வை பார்க்கும். பிறகு சொல்லும்.

"பொரி பறந்திருக்கு. பேய் வேலை செஞ்சிருக்கு."

அது ஒரு மலாய்ப் பேய்ப் படத்துக்குச் சொன்னது. பாப்கார்னை அக்கா பொரி என்றுதான் சொல்லும். பயந்தவன் கையிலிருந்த பொரி மூன்று நாற்காலி தள்ளி விழுந்து கிடக்கும். பயப்படாதவன் தின்று முடித்துப் பெட்டியை ஒழுங்காகக் காலடியில் வைத்துவிட்டுப் போவான். இரண்டு வாரம் கழித்து இன்னொரு பேய்ப் படம் வந்தது. அக்கா ஒரு பெட்டியை எடுத்துக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தது. ஒரு பொரிகூட விழவில்லை.

"சுத்தமாத் தின்னுட்டானுங்க. பேய்க்கு ஒண்ணும் வெக்கல."

சண்டைப் படங்களுக்கு, "அடி ஜாஸ்தி, வலி கம்மி." ஒரு பெரிய ஆங்கிலப் படத்துக்கு, "காடி எல்லாம் போச்சு, கதை வரல." குடும்பப் படங்களுக்கு டிஷ்யூ காகிதம்தான் கணக்கு. கசங்கி உருண்டையாகக் கிடந்தால் அது ஏர்கோன் குளிருக்கு மூக்கு ஒழுகினது. திரி மாதிரி முறுக்கிக் கிடந்தால்தான் அழுகை. ஒரு நாள் ஒரு வயசான தகப்பன் கதை. அக்கா கூட்டி முடித்துவிட்டு, "ஒன்பது திரி. அதுல ரெண்டு ஆம்பள" என்றது.

"ஆம்பளன்னு எப்படிக்கா தெரியும்?"

"அவனுங்க நாற்காலி இடுக்குல ஒளிச்சு வெச்சிருப்பானுங்க."

அதற்குப் பிறகு நானும் இடுக்கில் விரல் விட்டுப் பார்ப்பேன். பல நாள் இருக்கும்.

டிக்கெட் கவுண்டரில் ஒரு சீனப் பெண். ஆட்கள் எது நல்ல படம் என்று கேட்டால் அது எங்கள் பக்கம் திரும்பி, "ஆன்டி, நம்பர் மூணு ஓகேவா?" என்று மலாயில் கேட்கும். அக்காவும் மலாயிலேயே, "ஹந்து ஓகே. ஓராங் தா ஓகே" என்னும். பேய் பரவாயில்லை, மனுஷங்கதான் சரியில்லை என்று அர்த்தம். அந்தப் பெண் சிரித்துவிட்டு வந்தவர்களிடம் அப்படியே சொல்லிவிடும்.

எல்லாரும் சிரிக்கவில்லை. ஒரு தடவை தமிழ்நாட்டிலிருந்து ஒரு பெரிய கதாநாயகன் படம். முதல் ஆட்டத்துக்குப் பையன்கள் மாலை போட்டு, மேளம் அடித்து, ஹாலுக்குள்ளே மூட்டை மூட்டையாகக் காகிதத் துண்டு வீசினார்கள். எங்களுக்குக் கொலை வேலை. முடிந்து வெளியே வரும்போது ஒருவன், "ஆன்டி, படம் எப்படி? தூள் லா?" என்றான்.

"காகிதம் பூரா மிதிபட்டுக் கிடக்கு தம்பி. மேல புதுசா ஒண்ணுகூட விழல."

அவனுக்குப் புரியவில்லை. கூட வந்தவனுக்குப் புரிந்துவிட்டது. ஆரம்பத்தில் வீசினதுதான், பிறகு கை தூக்கவே இல்லை என்று. "எங்க தலைவரையா சொல்றீங்க?" என்று முறைத்தான்.

"உன் தலைவரை நான் எங்க சொன்னேன்? தரையைச் சொன்னேன்."

ஆட்களையும் அக்கா இப்படித்தான் எடைபோடும். என் மகளைப் பெண் பார்க்க வந்துவிட்டுப் போனார்கள். மறுநாள் நான் மாப்பிள்ளை படிப்பு, வேலை எல்லாம் சொன்னேன். அக்கா கேட்டது ஒன்றுதான். "எழுந்து போறப்ப செருப்பை எப்படிப் போட்டான்?" அவன் அப்பா செருப்பையும் திருப்பி வைத்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டான் என்றேன். "குடு" என்றது. கொடுத்தோம். இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். குறை ஒன்றும் இல்லை.

அக்காவின் வீட்டுக்காரரைப் பற்றி ஒரே ஒரு தடவை கேட்டேன். "நல்ல தொடக்கம்" என்றது. கையிலிருந்த பையைக் கட்டி முடித்துவிட்டு, "போறப்ப கதவைக்கூடச் சாத்தல" என்றது.

என் கதை வேறு. எனக்கு வாய் வராது. ஆறாம் வகுப்போடு நின்றவள். எது எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வேன். குழம்புக்கும் அதுதான், படத்துக்கும் அதுதான். "ஒனக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். தண்டாஸ் அடைச்சுக்கிட்டு நாத்தத் தண்ணி வெளிய வந்தாக்கூட நல்லா இருக்கும்பே" என்று அக்கா கேலி செய்யும். நானும் சிரித்துக்கொள்வேன்.

அக்காவுக்கு ஒரே மகன். பிந்திப் பிறந்தவன். ஷா ஆலமில் ஒரு ஃபேக்டரியில் எட்டு வருஷம் வேலை. வேலை முடிந்து மோட்டாரில் வந்து அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவான். இடது தோளை ஒரு பக்கம் தூக்கி நடப்பான், தூரத்திலிருந்தே தெரியும். திடீரென்று ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு நடிக்கப் போகிறேன் என்றான். நம் ஊரிலேயே தமிழ்ப் படம் எடுக்கிற பையன்கள் சிலரோடு சிநேகம். அம்மாவிடம் கேட்டிருக்கிறான். அக்கா மகனுக்காகத் தீர்ப்பை மாற்றுகிற ஆள் இல்லையே.

"மூஞ்சி பத்தாது" என்றதாம்.

அவன் அந்த வாரமே செந்தூலில் அந்தப் பையன்களோடு பிளாட்டில் தங்கப் போய்விட்டான். ஏழு மாசம் வீட்டுக்கு வரவில்லை. அக்கா இதை என்னிடம் சொல்லிவிட்டுக் கடைசியில், "கதவைச் சாத்திட்டுத்தான் போனான்" என்றது. அதில் எவ்வளவு ஆசை இருந்தது என்று எனக்குத் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை நாங்கள் பேன்ட்ரியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்காவுக்குக் காது மந்தம், ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசும். அதனால் நானும் கேட்டேன்.

"மா, வியாழக்கிழமை நம்ம படம் வருது. நீ கூட்டுற எடத்துலயே. நான் இருக்கேன்."

"எவ்வளவு இருக்க?"

"பாரும்மா. பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லு. ஃபேக்டரில திரும்பக் கூப்பிட்டிருக்காங்க. அடுத்த வியாழன் வரைக்கும் டைம் கேட்டிருக்கேன். நீ வேணாம்னு சொன்னா மறுபேச்சு இல்லாம ஷா ஆலம் போயிடுறேன்."

"பொய் சொல்லமாட்டேன்டா."

"தெரியும். அதான் ஒன்கிட்ட கேக்குறேன்."

வியாழக்கிழமை அக்கா தலைக்கு ஊற்றிக்கொண்டு, யூனிஃபார்ம் தொப்பிக்குள்ளே ஒரு முழம் மல்லிகை வைத்துக்கொண்டு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சூப்பர்வைசரிடம் கேட்டு அந்த ஹாலை வாங்கிக்கொண்டது. வெளியே ஒட்டியிருந்த படத்தில் ஐந்து முகம், அதில் அவன் இல்லை. "சின்ன வேஷமா இருக்கும்" என்றேன். அக்கா தலையாட்டியது.

கடைசிப் பத்து நிமிஷத்தில் கோயில் முன்னால் சண்டை, ஆஸ்பத்திரி, கல்யாணம். அக்கா கண்ணை எடுக்காமல் நின்றது. ஒவ்வொரு கூட்டமாக, ஒவ்வொரு முகமாகத் தேடியது. அவன் வரவில்லை. பிறகு பெயர்கள் ஓடின. எல்லாம் இங்கிலீஷ். எங்கள் இரண்டு பேருக்கும் அது எறும்பு ஊர்கிற மாதிரிதான். அடுத்த ஆட்டத்துக்கு அக்கா எதிர்ச்சுவரில் நின்று பார்த்தது. மூன்றாவது ஆட்டத்துக்கு முன்வரிசை வரைக்கும் போய்விட்டது. அவன் இல்லை.

விளக்கு வந்தது. அக்கா தரையைப் பார்க்கவே இல்லை. குனிந்து கூட்டத் தொடங்கியது.

"படம் எப்படிக்கா?"

"அவன் இல்ல."

வெள்ளிக்கிழமை தொப்பிக்குள்ளே பூ இல்லை. ஃபோன் அடித்தது. அக்கா பெயரைப் பார்த்துவிட்டு அமுக்கி வைத்தது. பேன்ட்ரியில் டீயை ஆற்றிக்கொண்டே, "மூஞ்சி பத்தாதுன்னேன்ல, அதுக்குப் பழி வாங்குறான். வேலைக்காரிதானே, இவ எங்க உக்காந்து பாக்கப் போறான்னு நெனச்சுட்டான்" என்றது. அக்காவுக்குக் கோபம் வந்து பார்த்திருக்கிறேன். இது கோபம் இல்லை. வாயே சின்னதாகிவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் அந்த ஹாலில் படம் தொடங்கின கையோடு யாரோ குளிர்பானத்தைக் கொட்டிவிட்டார்கள். அக்கா வேறு ஹாலில். நான்தான் மாப்பை எடுத்துக்கொண்டு போனேன். இருட்டில் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தவள், சத்தம் கேட்டு நிமிர்ந்தேன்.

திரை முழுக்க அவன் முகம்.

பின்சந்து டீக்கடை ஒன்றில் உட்கார்ந்து, கடைக்காரரிடம் கடன் சொல்லிக்கொண்டே ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். நாலு பேர் பாராங் கத்தியோடு வந்தார்கள். எழுந்து ஓடினான். இடது தோள் மேலே தூக்கி, அதே ஓட்டம். சாக்கடை ஓரத்தில் விழுந்தான். வெட்டினார்கள். "அம்மா" என்றான், சத்தமே இல்லாமல், உதடு மட்டும். கண் அப்படியே நின்றுபோனது. அதற்குப் பிறகுதான் படத்தின் பெயரே வந்தது.

"ஆன்டி, மறைக்குது லா" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். எனக்கு மாப்பைத் தூக்க முடியவில்லை.

அக்கா தேடினது முழுக்கப் படத்தின் வாலில். அவன் இருந்தது தலையில். இத்தனை வருஷமாக அக்கா ஒரு படத்துக்கும் தலையைப் பார்த்தது இல்லை. இதை ஓடிப்போய்ச் சொல்லவேண்டியதுதானே என்பீர்கள். எப்படிச் சொல்வது? பெற்றவளிடம் போய் உன் மகன் முதல் காட்சியிலேயே செத்துவிட்டான் என்று எந்த வாயால் சொல்வது? எங்கள் வீட்டில் விளையாட்டுக்குக்கூடப் பிள்ளையைச் சாவு என்று சொன்னால், வாயைக் கழுவிவிட்டு வா என்பார்கள். அவனும் இதனால்தான் சொல்லாமல் விட்டிருப்பான். அவனுக்கே வராத வார்த்தை எனக்கு வருமா? ஞாயிறு போனது. திங்கள் போனது. நான் கூட்டினேன், துடைத்தேன், அக்கா முகத்தைப் பார்க்காமல் நடந்தேன்.

செவ்வாய்க்கிழமை பேன்ட்ரியில் அக்கா கையைத் துடைத்துவிட்டு ஃபோனை எடுத்தது.

"நாளைக்கு மத்தியான ஆட்டத்தோட அந்தப் படத்தை எடுத்துடுறாங்க. நல்லதாப் போச்சு. ஷா ஆலமுக்கே போடான்னு சொல்லிடுறேன். பெத்தவகிட்டப் பொய் சொல்றவனுக்கு ஃபேக்டரிதான் சரி."

நான் அதன் கையைப் பிடித்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் நான் அக்காவைத் தொட்டதே அதுதான் முதல் தடவை.

"அக்கா, தலைப்பக்கம் பாத்தீங்களா?"

"தலையில என்ன இருக்கு? பேனா, ஈறா?"

"இருக்கான்கா. மொதல்லயே இருக்கான். நான் பாத்தேன்."

"மொதல்ல இருக்கிறவன் கடைசில எங்க போனான்?"

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா என்னையே பார்த்தது. பிறகு ஃபோனை மேசைமேல் மெதுவாக வைத்தது.

"வெட்டா, குத்தா?" என்றது.

"வெட்டு" என்றேன்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தது. டீ ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தது.

மறுநாள் இரண்டு பேரும் லீவு சொல்லிவிட்டு, சேலை கட்டிக்கொண்டு, மத்தியான ஆட்டத்துக்குப் போனோம். சூப்பர்வைசர் சும்மா உள்ளே விடுகிறேன் என்றும் அக்கா கேட்கவில்லை. "நான் கூட்டுற ஹாலு. ஓசில உக்காரமாட்டேன்." உட்காரத் தெரியவில்லை எங்களுக்கு. மடங்கின நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு அக்கா முதலில் கைப்பிடிக்கு அடியில் யாராவது சூயிங்கம் ஒட்டியிருக்கிறார்களா என்று தடவிப் பார்த்தது. ஹாலில் எங்களோடு சேர்த்து ஒன்பது பேர். முன்வரிசையில் குண்டாக ஒரு அங்கிள், மடியில் பெரிய பொரிப் பெட்டி.

விளக்கு அணைந்தது. டீக்கடை வந்தது. அவன் ரொட்டியைப் பிய்த்தான். அக்கா மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. நாலு பேர் வந்தார்கள். அவன் ஓடினான். கத்தி ஓங்கினபோது அக்கா திரையிலிருந்து முகத்தைத் திருப்பிவிட்டது.

கண்ணை மூடிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். இல்லை. திரை வெளிச்சத்தில் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. வரிசை வரிசையாக, விளக்கு வந்த பிறகு தரையைப் பார்க்குமே, அதே பார்வை. மகன் சாகிற நேரம் முழுக்க அக்கா அவர்களைத்தான் பார்த்தது.

படம் முடிகிறவரை உட்கார்ந்திருந்தோம். விளக்கு வந்ததும் மற்ற ஷிஃப்ட் ஆட்கள் விளக்குமாற்றோடு வந்தார்கள். அக்கா அவர்களைக் கையால் நிறுத்திவிட்டு முன்வரிசைக்குப் போய் அந்த அங்கிள் வைத்துவிட்டுப் போன பெட்டியைத் தூக்கிப் பார்த்தது. பிறகு வெளியே வந்து ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டது.

"மா? அஞ்சு நாளா ஏம்மா எடுக்கல?"

"பாத்தேன்."

அக்கா ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தது.

"முன்னாடி குண்டா ஒருத்தரு. பொரியை அள்ளி வாய்க்குக் கொண்டு போனாரு. நீ விழுந்ததும் கை அப்படியே நின்னுடுச்சு. அதுக்கப்புறம் பொரி பக்கமே கை போகல. அரைப் பெட்டி அப்படியே இருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. நல்லா செத்தடா."

சொன்ன பிறகுதான் அக்காவுக்கே உறைத்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டது. கண்ணிலிருந்து தண்ணீர் விரல் மேல் வழிந்தது. அந்தப் பக்கம் அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை.

"வந்ததுமே செத்துடுவேன்னு ஒன்கிட்ட எப்படிம்மா சொல்றது?"

"பேசாத. கெளம்பி வா. சுத்திப் போடணும்."

சாயங்காலம் ஐந்து மணிக்கு மாலுக்குப் பின்னால், லோரி வந்து சாமான் இறக்குகிற இடத்துக்கு அவன் மோட்டாரில் வந்தான். அக்கா கீழே கடையில் உப்பும் காய்ந்த மிளகாயும் வாங்கி வைத்திருந்தது. அவனைக் கிழக்குப் பார்த்து நிறுத்தியது. வாசலில் காவலுக்கு இருக்கிற ஜாகா நாற்காலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்.

"அப்ப ஷா ஆலம்?" என்றான்.

"அங்க ஒனக்காக எவன் பொரியை நிறுத்துவான்?"

அவன் என்னைப் பார்த்தான். "ஆன்டி, நீங்களும் பாத்தீங்களா? எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுப்பா" என்றேன்.

"அவ எல்லாத்துக்கும் அதான் சொல்லுவா" என்றது அக்கா.

எனக்கு என்ன தோன்றியதோ. "செருப்பு மட்டும் புதுசு" என்றேன். "சந்துக் கடையில கடன் சொல்லி டீ குடிக்கிறவன் காலுக்கு அது சேரல."

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த உப்பு பாதி சிந்திவிட்டது. மறுபடியும் அள்ளிக்கொண்டு அவன் தலையைச் சுற்றத் தொடங்கியது. ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, அந்தக் குண்டு அங்கிள் கண்ணு என்று முணுமுணுத்தது. மூன்றாவது சுற்றில் கையை அவன் உச்சியிலேயே நிறுத்தியது.

"அடுத்த படத்துலயாவது" என்றது, "கடைசிப் பத்து நிமிஷம் வரைக்கும் இருடா."